யூகோஸ்லாவியா பார்டர்

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு முதலாளியின் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் வந்து நின்றது. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். வருகிறேன் என்று அவர் பதினோரு மணிக்கே போனில் சொல்லிவிட்டார். அந்தக் கால் மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தையும் என் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் இன்றும் மறக்கவில்லை. மேசையில் அவருக்குக் காட்ட என்னுடையது என்று ஒன்றுமே இல்லை.

நான் பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறவன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பலருக்கும் தறி வேலை. எனக்குத் தாள் வேலை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டிக் கொடுப்பேன். அதைப் பார்த்து ஒருவர் அட்டைகளில் துளை போடுவார். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளைகள் தீர்மானிக்கும். இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட இளம்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் நாள் முழுக்கப் போடுவதை அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் நான் கொடுத்த எந்த டிசைனையும், தறிகளுக்கு வேலை கொடுக்கும் முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை. "பழைய கொடியே திரும்பத் திரும்ப வருது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஐம்பது வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது. பி.காம். படித்தேன் என்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி.

மேசையில் என்னுடையது எதுவும் இல்லை என்றேன். ஆனால் ஒரு தாள் இருந்தது. அது என் மகளுடையது.

அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். தினமும் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்வருகிறாள். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சட்டையோடு ஓர் அணி விளையாடியது. "நம்ம தெரு பாவாடைத் துணிய யாரு இவங்களுக்கு வித்தது?" என்று என் மனைவி கேட்டாள். மகள் அந்த நாட்டை என் பள்ளிக்கூட அட்லஸில் தேடினாள். கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் யூகோஸ்லாவியா என்று பெரிதாக எழுதியிருந்தது. அன்று பிடித்த பைத்தியம்தான். யூகோஸ்லாவியாவில் கால்பந்து லீக் தொடங்கியதிலிருந்து நாடு உடைந்தது வரை, எந்த வருடம் எந்த அணி முதலிடம், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று நோட்டு நோட்டாக எழுதினாள். ஒரு வலைத்தளத்தில் இருப்பது இன்னொன்றில் மாறி இருந்தால் மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் போவாள்.

"இல்லாத நாட்டுல யாரு ஜெயிச்சா உனக்கு என்னாம்மா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"இல்லாததாலதாம்ப்பா. இனிமே யாரும் வந்து ஒரு வரி சேக்க முடியாது. முழுசா கையில கெடைக்கிற கணக்கு இது ஒன்னுதான்" என்பாள்.

அதை எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்று அவளுக்கு வழி இல்லாமல் இருந்தது. போன வருடம் வகுப்பில் எழுந்து பேச வேண்டிய ஒரு நாளில், எழுந்து நின்று, வாய் திறக்காமலே உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இந்த வருடம் அவளுடைய துறையில் கருத்தரங்கு வைத்தார்கள். கணக்கைப் படமாகக் காட்டுவது எப்படி என்பது தலைப்பு. தானாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பேசுவதற்காக அவள் செய்ததுதான் அந்தத் தாள்.

என்னிடமிருந்தே கிராஃப் தாள் வாங்கி, நீளமாக ஒட்டிக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு ஒரு வரிசை, அதில் முதலிடம், இரண்டாவது, மூன்றாவது என்று கட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிறம். பெல்கிரேடின் இரண்டு அணிகளுக்குச் சிவப்பும் கறுப்பும், ஸாக்ரெப்புக்கு நீலம், ஸ்ப்ளிட்டுக்கு வெளிர் மஞ்சள், சரயேவோ மாதிரி ஒன்றிரண்டு முறை மட்டும் வென்ற ஊர்களுக்கு மெரூன், பச்சை. சிவப்பு படியிறங்குவதுபோல் இறங்கும். கறுப்பு வந்து குறுக்கே மறிக்கும். திடீரென்று ஒரு பச்சைப் புள்ளி. ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகச் சாதனைகளைக் குறித்திருந்தாள்: அதிக கோல் அடித்தவர், தொடர்ந்து தோற்காமல் போன அணி. உலகப் போர் நடந்த வருடங்களின் வரிசைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. லீக் நடக்கவில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று என் மேசையில்தான் அதை விரித்து வைத்திருந்தாள்.

முதலாளி உள்ளே வந்தார்.

"என்னா மாஸ்டர், கையக் கட்டிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கீங்க? ரிட்டயர்மென்ட் குடுத்துட்டேனா நானு? எனக்கே தெரியாதே."

நான் சிரித்து வைத்தேன். அவர் மேசையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது என்னாது? மாங்கா இல்ல, அன்னம் இல்ல, யானை இல்ல. படிக்கட்டு மாரி எறங்குது, நடுவுல மறிக்குது... யாரு போட்டது?"

"நான்தாங்க முதலாளி."

ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால், அதற்குக் காரணம் என்று எதையாவது இன்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அது தன்னால் வந்தது.

"இத்த ஒளிச்சி வச்சிக்கினு எனக்குக் கொடி கொடியா அனுப்பிக்கினு இருந்தீங்களா? சரியான ஆளுய்யா நீங்க!" என்று என் தோளில் தட்டினார். "நடுவுல என்னா, பொக்க வாயி மாரி காலியா இருக்குது?"

"இன்னும் முடிக்கலீங்க."

"அத்த அடைச்சிட்டு இன்னிக்கே அட்டைக்காரர் கையில குடுத்துடுங்க. ஒரு முகூர்த்தப் பொடவைக்குப் புதுசா பார்டர் கேட்டுக்கினு இருக்காங்க. பாவு நூலு தறியில ஏறி ரெடியா நிக்குது."

அவர் போன பிறகு எனக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. வேறொரு தாளில் அதைப் பார்த்து வரைந்திருக்கலாம். தெருமுனைக் கடையில் கலர் ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். மகளுக்கு போன் செய்து, "அம்மாடி, இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது இதுதான்: ரப்பரை எடுத்து அவளுடைய பென்சில் எழுத்துகளை அழித்தேன். பேனாவை எடுத்து வெறும் வரிசைகளை நிரப்பினேன், மேலே இருந்த நீலத்தையும் கீழே இருந்த கறுப்பையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்து. எங்கள் தொழிலில் பார்டரின் நடுவே வெற்றிடம் விழுந்தால் அது குறை. கடைக்காரர் புடவையைப் பிரித்ததும் அங்கேதான் விரல் வைப்பார். ஒரு வரிசையில் ஒரு கட்டத்தை அவள் குறுக்கே பிரித்து, பாதி சிவப்பும் பாதி கறுப்புமாகத் தீட்டியிருந்தாள். தறியில் அது நேராக வராது. முழுக்கச் சிவப்பாக்கினேன். இதையெல்லாம் செய்யும்போது என் கை நன்றாக ஓடியது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று மாதமாக ஓடாத கை.

மதியம் ஒரு மணிக்கு அட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டேன்.

கருத்தரங்குக்கு அப்போது பதினோரு நாள் இருந்தது. அதற்குள் தாளைத் திருப்பி வாங்கிவிடலாம், நான் நிரப்பியதைச் சுரண்டிச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை, "மேசையில இருந்த தாள் எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். "மசி பட்டுடும்னு சுருட்டிப் பரண் மேல வச்சிருக்கேன்" என்றேன். "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அதன் பிறகு தினமும் ராத்திரி அவள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "சத்தமா சொல்லு, பெல்கிரேடு எனக்குக் கேக்கவே இல்ல" என்பாள். நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கருத்தரங்கு. நெட் தீர்ந்துவிட்டது என்று மகள் என் போனை எடுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து முதலாளி போட்டோ அனுப்பினார். தறியில் ஒரு முழம் நெய்தாகிவிட்டது. 'சூப்பர் மாஸ்டர்' என்று கீழே எழுதியிருந்தார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது எனக்குச் சுலபம்.

"அப்பா, இந்த வருஷம் யாரு கப்பு ஜெயிச்சது?"

"என்னாம்மா?"

"இங்க பாரு. போர் நடந்த வருஷம். லீக்கே நடக்கல. நீ யாருக்குக் கப்பு குடுத்திருக்கே?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "பார்டர்ல காலி வுடக்கூடாதும்மா."

"இது? இந்த வருஷக் கப்பு மொதல்ல ஒரு டீமுக்குப் போச்சு, அப்புறம் கோர்ட் வரைக்கும் போய் இன்னொரு டீமுக்கு வந்துச்சு. அதான் ரெண்டு கலர் போட்டேன்."

"குறுக்க பிரிச்சா தறியில வராது."

"அதனால கோர்ட் தீர்ப்ப நீயே மாத்திட்டே." போனை மேசையில் வைத்தாள். "தாள் பரண் மேல இல்லல்ல?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அட்டைக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிராஃபா? அத்ததான் வெட்டி ஒட்டிட்டனே. பட்டை பட்டையா வெட்டிக்கினாத்தானே எனக்குக் கண்ணு தெரியும்? இருவது வருஷமா அப்படித்தானே, மாஸ்டர். நீங்க ஒரு வாட்டிகூட திருப்பிக் கேட்டதில்லியே."

கேட்டதில்லைதான். அட்டை தயாரானபின் கிராஃபால் யாருக்கும் பயன் இல்லை. பழைய சாக்கு ஒன்றிலிருந்து அவர் பொறுக்கிக் கொடுத்த பட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தேன். பசை காய்ந்து, மேலே அவருடைய சிவப்பு மார்க்கர் கோடுகளோடு, பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தன. மகள் பையைத் திறந்து பார்த்தாள். ஒரு பட்டையை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் நான் அழித்த பென்சில் எழுத்தின் பள்ளம் தெரிந்தது.

"இதெல்லாம் யாரு அழிச்சது? அட்டைக்காரரா?"

"நான்தான்" என்றேன். முதலாளியிடம் சொன்ன அதே சொல்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"பொண்ணு போட்டதுன்னு சொல்லியிருந்தா அந்த ஆளு வேணாம்னா சொல்லியிருப்பாரு?"

"அப்படி இல்ல. எனக்கு வேலை போயிடுமோன்னு..."

"பொண்ணு போட்டதுன்னு சொன்னாலும் இந்த வூட்டுக்குத்தானே வேலை வரும்? உங்களுக்குன்னு வரணும். அதான்."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் ஒரு புடவை என்றால் வீடே உழைக்கும். நூல் சுற்றுகிறவர் ஒருவர், இழை சேர்க்கிறவர் ஒருவர், புடவையின் உடலுக்கு எந்த நிறம் வைத்தால் பார்டர் எடுப்பாகத் தெரியும் என்று சொல்கிறவர் ஒருவர். ஆனால் கடையில் போய் நிற்பது ஒரே ஓர் ஆண், பெயரும் அவனுடையது. என் டிசைன்களுக்கெல்லாம் நிறம் சொன்னது என் மனைவி. ஒரு முறையாவது முதலாளியிடம் அதைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அதைத் திருட்டு என்று யாரும் பெயர் வைக்காததால் நானும் வைக்கவில்லை. அந்த வியாழக்கிழமை 'நான்தான்' என்பது அவ்வளவு சுலபமாக வந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். காரணம் என்கிறேன்; சமாதானமாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை மகள் வெறுங்கையோடு கிளம்பினாள். அந்தத் தாளை இனி ஒரே நாளில் யாரும் செய்ய முடியாது. என் மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் விடுகிறேன் என்றேன், "நடந்தே போறேன்" என்றாள். இரண்டு மணிக்கு அவள் முறை. இரண்டரைக்கு போன் செய்தேன், அணைத்திருந்தது. மூன்றுக்கும் அப்படியே. மறுபடியும் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாளோ, அங்கிருந்து எங்கே போனாளோ என்று நினைக்கத் தொடங்கினேன். மாகறலில் இருக்கும் என் தங்கையிடம் போனில், "பொண்ணு அங்க வந்தாளா?" என்று கேட்டேன். "இங்க ஏன் வரா? என்னா பண்ணே அவள?" என்றாள். தெரியாமலே சரியாகக் கேட்டாள்.

நாலரை மணிக்கு முதலாளியை போனில் கூப்பிட்டேன்.

"முதலாளி, அந்த பார்டர்... நான் போட்டது இல்லீங்க. எம்பொண்ணு போட்டது. அது டிசைனே இல்ல. புட்பால் கணக்கு. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"புட்பாலா! அட, பாப்பா போட்டதா? அதுக்கு எதுக்கு மாஸ்டர் இவ்ளோ தழுதழுக்கறீங்க? வூட்டுல யாரு போட்டா என்னா, உங்க வூட்டு டிசைன்தானே. உங்க ரத்தம்தானே. அடுத்தது எப்போ குடுக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறேங்க" என்றேன். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

போனை வைத்ததும் மனது லேசாகிவிட்டது. சொல்லிவிட்டேன், வேலையும் போகவில்லை, முதலாளி கோபிக்கவும் இல்லை. இத்தனை நாள் இதற்கா பயந்தேன் என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இன்று எழுதும்போது பொய்யைவிட, அழித்த எழுத்தைவிட, அந்தத் தண்ணீர் இறங்கிய குளுமைதான் என்னை அதிகம் கூசவைக்கிறது. அவளுடைய உழைப்பை அவர் 'உங்க வூட்டு டிசைன்' என்று மறுபடி என்னிடமே கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் வழக்கமாக வரும் ஐந்தரை மணி பஸ்ஸில் வரவில்லை. ஆறு மணி பஸ்ஸிலும் இல்லை. என் மனைவி வாசலில் நின்றாள்; நான் தெருமுனையில் நின்றேன். தறிச் சத்தம் வீடு வீடாக அடங்கிக்கொண்டு வந்தது. ஆறே முக்காலுக்கு மகள் தெருவுக்குள் திரும்பினாள். என்னைக் கடந்து நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"என்னாடி ஆச்சு? போனை ஏன் அணைச்சே?" என்று என் மனைவி கேட்டாள்.

"சார்ஜ் இல்லம்மா. போர்டுல சாக்பீஸால போட்டுக் காட்டினேன். எல்லாம் மனப்பாடம்தானே. வருஷங்கள்ல பாதிதான் வந்துச்சு, அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க."

"பேசினியா?"

"பேசினேன்."

என் மனைவி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் மகளும் வாசற்படியில் நின்றோம். இதற்காகவே காத்திருந்தவன்போல் நான் சொன்னேன்:

"முதலாளிகிட்ட சொல்லிட்டேம்மா. நீ போட்டதுன்னு."

அவள் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"போன்ல சொன்னியாப்பா, நேர்ல போய்ச் சொன்னியா?"